சவுரியப்பனின் துண்டு

எண்பத்தேழாம் வருஷம் வைகாசியில், கிருஷ்ணகிரிக் கல்யாணத்துக்கு வண்டி கட்டிப் போய் வந்த மூன்றாம் நாள், சவுரியப்பனின் குதிரை ராணி இருமத் தொடங்கியது. உடம்பு கொதித்தது. மூக்கில் நீர் ஒழுகியது. கொள்ளுத் தீவனத்தை மோந்துகூடப் பார்க்கவில்லை. கால்நடை டாக்டர் பார்த்துவிட்டு, குதிரைக்கு வரும் ஃப்ளூ காய்ச்சல், வேகமாகத் தொற்றும் என்றார். தனியாகக் கட்டி, தனி வாளியில் தண்ணீர் வைத்து, இருமல் நின்றபிறகும் மூன்று வாரம் வண்டியில் பூட்டாமல் வைக்கச் சொன்னார்.

சவுரியப்பன் அத்தனையும் செய்தான். சீக்குக் குதிரை என்று பெயர் வந்தால் சவாரி போய்விடுமே என்று, பாப்பாரப்பட்டி குதிரை வண்டி ஸ்டாண்டில் மட்டும் ராணிக்குக் கால் சுளுக்கு என்று சொல்லி வைத்தான். வீட்டில் சும்மா இருந்தால் மனைவி ரோசம்மாள் வேலை ஏவுவாள். அதனால் காலையில் ராணியின் மூக்கைத் தோள் துண்டால் துடைத்துவிட்டு, அதே துண்டோடு ஸ்டாண்டுக்குப் போய், மற்ற குதிரைகளின் வாய் நுரையையும் துடைத்துவிடுவான். நல்ல மனுஷன் என்று பெயர்.

நான்காம் நாள் ஸ்டாண்டில் மூத்த வண்டிக்காரன் மாரியப்பனின் குதிரை இருமியது. மறுநாள் இன்னும் இரண்டு. இருமாமல் நின்றது நஞ்சப்பனின் குதிரை ஒன்றுதான். அவன் போன மாதம்தான் மாரண்டஹள்ளியிலிருந்து வந்தவன். ஆகவே சீக்கைக் கொண்டுவந்தவன் அவனே என்று முடிவாயிற்று.

"என் குருதைக்கு ஒண்ணும் இல்லீங்களே" என்றான் நஞ்சப்பன்.

"கொண்டாந்ததுக்கு எப்படிய்யா வரும்? ஞாயித்துக்கெழமைக்குள்ள கெளம்பிரு" என்றான் மாரியப்பன். எல்லாரையும் முந்திக்கொண்டு தலையாட்டியவன் சவுரியப்பன்.

சனிக்கிழமை டாக்டர் மறுபடி வந்தார். அவர் கண்ணெதிரே சவுரியப்பன் ராணியின் மூக்கைத் துடைத்துத் துண்டைத் தோளில் போட்டான்.

"அதோட எங்க போறீங்க?"

"ஸ்டாண்டுக்குங்க. அங்க குருதைங்களத் தொடச்சு வுடுவனுங்க. நஞ்சப்பன் குருதைய மட்டும் தொடமாட்டனுங்க, அது கடிக்..."

பாதியில் நிறுத்தித் தோளிலிருந்த துண்டைப் பார்த்தான். டாக்டர் நெடுநேரம் சோப்புப் போட்டுக் கை கழுவினார்.

ஞாயிறன்று, இருமும் குதிரைகளை வீட்டில் கட்டிவிட்டு, நஞ்சப்பன் போகிறானா என்று பார்க்க எல்லாரும் ஸ்டாண்டுக்கு வந்திருந்தார்கள். அவன் கொள்ளு மூட்டையை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான். சவுரியப்பன் தலைக்குக் குளித்து, வேட்டி மாற்றி, வெறுந்தோளோடு வந்தான்.

"எங்கய்யா துண்டு?" என்றான் மாரியப்பன்.

"அடுப்புல போட்டுட்டனுங்கண்ணா. ராணிக்குச் சுளுக்கு இல்ல, காய்ச்சலு. உங்க குருதைங்களுக்கெல்லாம் நான்தான் தொடச்சுக் குடுத்தேன்." வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது.

மாரியப்பன் கொள்ளு மூட்டைப் பக்கம் திரும்பினான். "நஞ்சப்பா, மூட்டைய எறக்கு. இனி கொஞ்ச நாளைக்கு ஊருல ஓடுறது உன் வண்டி ஒண்ணுதான்."

மூட்டைக்குக் கை கொடுக்கச் சவுரியப்பன் ஓடினான். நஞ்சப்பனின் குதிரை கழுத்தைத் திருப்பி அவன் வெறுந்தோளைக் கவ்வியது. அவன் நகராமல் நின்று வாங்கிக்கொண்டான்.