நேற்று ராத்திரி பேசியவர்

...நீ சொன்ன மாதிரியே கிளம்பிட்டேன்டா தம்பி என்று காலங்காத்தாலே அண்ணன் போன் பண்ணினால், நான் என்ன சொன்னேன், எப்போது சொன்னேன், அம்மாவை அடக்கம் செய்ததிலிருந்து பேச்சுவார்த்தையே இல்லாத அண்ணனிடம் எந்த வாயால் சொன்னேன் என்று ஸ்தனிஸ்லாஸ் கைப்பேசியைத் தடவித் தடவிப் பார்த்தார், பார்த்தால் இருக்கிறது, நேற்று ராத்திரி, இவர் போட்ட அழைப்புதான், ஸ்டீபன்ராஜ் அண்ணன், முக்கால் மணி நேரம்... முக்கால் மணி நேரமா? வகுப்பில்கூட நடுவில் தண்ணீர் குடிக்காமல் அவ்வளவு பேசியதில்லையே. வேறு யாராவது எடுத்துப் பேசியிருப்பார்களோ? லூர்துராணி, நீ என் போனைத் தொட்டியா என்று மனைவியைக் கேட்டால் அடுப்படியிலிருந்து, "நான் எதுக்குங்க தொடப்போறேன், அதுல புதையலா இருக்கு?" என்கிறாள், பிறகு கரண்டியும் கையுமாக எட்டிப் பார்த்து, "ஏங்க, தூக்க மாத்திரையைப் போட்டுட்டுப் பேசினீங்களா?"

மாத்திரை. போட்டார், ஆமாம், கட்டிலில் அல்ல, ஹாலில் மேசை முன்னால் உட்கார்ந்து, கல்லூரி விழாவுக்கு வரவேற்புரையில் ஒரு பத்தி பாக்கி, தூக்கம் வருகிறவரை எழுதலாமே என்று... அதற்கப்புறம்? அதற்கப்புறம் விடிந்துவிட்டது. தில்லைநகர் கிளினிக்கில் டாக்டர் வஹீதா தெளிவாகத்தான் சொல்லியிருந்தாள், படுக்கப் போகும்போது மட்டும் போடுங்க சார், போட்டதும் படுத்துடுங்க, முழு ராத்திரி தூங்க நேரம் இல்லைன்னா அன்னைக்கு வேண்டாம், போனையும் வண்டிச் சாவியையும் மேடம்கிட்ட குடுத்துடுங்க, சில பேர் எழுந்து சமைப்பாங்க, பேசுவாங்க, காலையில ஒண்ணும் ஞாபகம் இருக்காது, அப்படி ஏதாச்சும் நடந்தா அடுத்தது போடாம நேரா என்கிட்ட வாங்க. அதற்கு இவர் சொன்ன பதில் மட்டும் அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது: நான் அப்படிப்பட்ட ஆள் இல்லைம்மா, கணிதத் துறைத் தலைவர். மாத்திரை உள்ளே போய், முனைவர் பட்டத்தைப் பார்த்து ஒரு வணக்கம் வைத்துவிட்டுத் திரும்பிவிடும் என்று நினைத்தார் போலிருக்கிறது. அந்தப் பெண் சிரிக்காமல் இருந்தது அவளுடைய நல்ல மனசு.

என்ன சொல்லியிருப்பேன்... திட்டியிருந்தால் கிளம்பி வருவாரா, வந்தாலும் அந்தக் குரலில் வருவாரா, தழுதழுத்துக்கொண்டு? சண்டை எதற்கு என்று வெளியே சொன்னால் சிரிப்பார்கள். தெருமுனையில் அம்மாவுக்கு இவர் வைத்த கண்ணீர் அஞ்சலி பேனர். முனைவர் ஸ்தனிஸ்லாஸ் என்று மேலே கொட்டை எழுத்தில், கோட்டு டையோடு படம், அம்மா படத்தைவிட ஒரு சுற்று பெரியது, கீழே ஓரமாக ஸ்டீபன்ராஜ், ரயில்வே. மூத்தவர் அவர். பொன்மலை குவார்ட்டர்ஸில் கடைசிவரை அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டியது அவரும் லிசி அண்ணியும். "செத்தது எங்க அத்தையா, இல்ல உங்க தம்பிக்குப் பட்டமளிப்பு விழாவா?" என்று அண்ணி எல்லார் முன்னாலும் கேட்டாள். படித்தவன் பேர் மேலே இருந்தால்தான் குடும்பத்துக்கு மரியாதை என்றார் இவர். தூக்கம் போனது அதற்குப் பிறகுதான். டாக்டரிடம் வேலைப்பளு என்றுதான் சொன்னார்.

மறுபடி போன். "தம்பி, காவேரிப் பாலத்துல ஒரே நெரிசல்டா, உன் வீட்டுக்கு வழியே மறந்துபோச்சு, அம்மா மண்டபம் படித்துறைக்கு முன்னாடியே திரும்பணுமா?" முன்னாடியே அண்ணே, மருந்துக்கடை சந்து அண்ணே... அண்ணே, அண்ணே என்று எவ்வளவு சுலபமாக வருகிறது. இப்போதே சொல்லிவிட்டால் என்ன, பேசியது நானில்லை, மாத்திரை என்று? பாலத்திலேயே வண்டியைத் திருப்பிவிடுவார், அப்படித் திருப்பினால் இந்த ஜென்மத்தில் இந்தப் பக்கம் இல்லை. சொல்லாவிட்டால்? என்னென்ன ஒத்துக்கொண்டேனோ, எதற்கெல்லாம் சரி சொன்னேனோ...

"ஞாபகம் இல்லைன்னு நேரா சொல்லிடுங்களேன்."

"திரும்பிப் போயிடுவாரு லூர்து."

"அப்ப பேசாம உட்காருங்க. அதுதான் உங்களுக்கு வராதே."

வண்டிச் சத்தம். அண்ணன் உள்ளே வந்த வேகத்தில் இவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார், கண்ணெல்லாம் சிவந்திருக்கிறது, "ராத்திரி பூரா தூங்கலடா, சந்தோஷத்துல", இளைத்துவிட்டாரே, தலை இவ்வளவு எப்போது நரைத்தது... அண்ணி உள்ளே வரவில்லை, வாசல்படியில் நிற்கிறாள், லூர்துராணி வாங்கக்கா, வாங்கக்கா என்று கூப்பிட்டும் அசையவில்லை. "உன் அண்ணி நம்ப மாட்டேங்குறாடா. கனவு கண்டீங்களாங்கிறா. நீ என்கிட்ட சொன்னதை அவ முன்னாடி ஒருதரம் சொல்லு, அதே வார்த்தையில. அது போதும்டா எனக்கு."

அதே வார்த்தை. மன்னிப்பா? அம்மாவைப் பற்றியா? தேடினால் வரவேற்புரைதான் வருகிறது, பெருமதிப்பிற்குரிய, சீரிய தலைமையில், நெஞ்சார்ந்த... அரங்கம் நிறைய ஆளிருந்தாலும் நாக்குக் குழறாத மனிதருக்கு மூன்று பேர் முன்னால் ஒரே ஒரு வார்த்தைதான் வந்தது. "அண்ணே..." என்றார்.

"ம், அப்படித்தான்டா ஆரம்பிச்ச. சொல்லு."

அதற்கு மேல் என்னவென்று தெரிந்த ஒருத்தன் தனக்குள்ளேயே இருக்கிறான், தன்னைவிட நல்லவன், அண்ணன் ஆற்றைத் தாண்டி வந்தது அவனைப் பார்க்கத்தான், அவனோ பகலில் எழுந்திருப்பதே இல்லை... அவனை எப்படி எழுப்புவது? அண்ணன் தலையை ஆட்டி ஆட்டி ஊக்கப்படுத்துகிறார், சொல்லுடா, சொல்லு. அண்ணி இன்னும் செருப்பைக் கழற்றவில்லை.