கொம்பும் துணைக்காலும்

பூஜ்யம் என்றது திரை. தேடலை மறுபடி ஓட்டினாள். மறுபடியும் பூஜ்யம்.

ரத்த வங்கியின் கணினி அறையில் அவள் ஒருத்திதான் இருந்தாள். மேல்மாடியில், பிரசவ அறையில், அவளுடைய அக்கா ரத்தம் நிற்காமல் கிடந்தாள். குழந்தை பிறந்துவிட்டது, அதன் முகத்தைப் பார்க்கக்கூட யாருக்கும் நேரமில்லை. அக்காவுக்கு ஓ நெகட்டிவ். குளிர்பெட்டியில் இருந்த பைகளெல்லாம் ஏற்றி முடிந்துவிட்டன. இனி யாராவது நேரில் வந்து கொடுத்தால்தான் உண்டு.

அந்த யாராவது இந்த டேட்டாபேஸுக்குள்தான் இருக்க வேண்டும். பழைய மென்பொருள் ஆமை வேகத்தில் நகர்கிறது என்று அலுத்துக்கொண்டு, சில மாதங்களுக்கு முன், புதுக் கணினி வந்த கையோடு, அவளே பைத்தான் மொழியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினாள். ரத்த வகையைச் சொன்னால் போதும், கொடுப்பவர்களைத் தேடி எடுத்துக் கொடுத்துவிடும். எல்லோரும் பாராட்டினார்கள். இவளும் கொஞ்ச நாள் தலைகால் புரியாமல்தான் திரிந்தாள், மறைப்பானேன்.

கைபேசி அதிர்ந்தது. அக்காவின் கணவர்.

"என்னம்மா, யாராவது கிடைச்சாங்களா?"

"தேடிக்கிட்டே இருக்கேன் மாமா."

"டாக்டர் முகமே சரியில்லம்மா. சீக்கிரம் பாரு."

அந்த மனுஷன் அழுது அவள் கேட்டதில்லை. இப்போது கேட்டாள்.

இணைப்பு அறுந்திருக்குமோ? இல்லை, ஏ பாசிட்டிவ் கேட்டால் வரிசையாகக் கொட்டுகிறது. கடவுச்சொல் சரி. அனுமதியும் சரி. சர்வரை அணைத்துப் போட்டாள்; வீண் வேலைதான், பதறுகிறவர்கள் எல்லோரும் செய்வது. அதே பூஜ்யம். வருஷக்கணக்காகச் சேர்த்த பெயர்களில் ஒருவர்கூடவா இல்லாமல் போவார்? "பாழாப்போன சனியனே!" என்று மேஜையை ஓங்கிக் குத்தினாள். வலித்தது.

பிறகுதான் செய்ய வேண்டியதைச் செய்தாள். தேடலில் இருந்த நிபந்தனைகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். ரத்தம் வாங்கியவர்களும் கொடுப்பவர்களும் ஒன்றாகக் கலந்திருப்பார்கள் என்பதால், 'கொடையாளர்' என்று குறித்திருப்பவரை மட்டும் எடு என்று ஒரு வரி எழுதியிருந்தாள். அதை நீக்கியதும் ஓ நெகட்டிவ் ஆட்கள் திரையில் வந்து விழுந்தார்கள். ஐந்தாறு பேருக்கு நேராகக் 'கொடையாளர்' என்றே பளிச்சென்று எழுதியிருந்தது. முதல் ஆள் ஒரு தையல்காரர், பக்கத்துத் தெரு. உடனே அழைத்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது.

எடுங்கள், எடுங்கள் என்று மனம் அடித்துக்கொண்டாலும் கை சும்மா இருக்கவில்லை. தையல்காரருக்கு நேராக இருந்த சொல்லை நகலெடுத்து, ஸ்கிரிப்டில் தான் அடித்திருந்த சொல்லுக்குக் கீழே ஒட்டினாள். துளி வித்தியாசமில்லை. இரண்டிலும் 'கொ'வுக்கு அடுத்து கர்சரை வைத்து ஒரு முறை அழித்தாள். தன்னுடையதில் 'க' மிஞ்சியது. பழையதில் 'கெ' மிஞ்சியது.

பழைய கணினியில் கொம்பைத் தனியாக, துணைக்காலைத் தனியாக அடித்திருக்கிறார்கள். புதுக் கணினி இரண்டையும் ஒரே குறியாகப் போடுகிறது. கண்ணுக்கு இரண்டுமே கொ. டேட்டாபேஸுக்கு அது வேறு, இது வேறு. புதுக் கணினி வந்தபின் பதிந்தவர்களைத்தான் இத்தனை நாளும் ஸ்கிரிப்ட் காட்டியிருக்கிறது. அவர்களில் ஓ நெகட்டிவ் ஒருவருமில்லை.

"ஹலோ?"

"அண்ணே, ரத்த வங்கியிலிருந்து பேசுறேன். ஓ நெகட்டிவ் அவசரமா வேணும். எங்க அக்காவுக்கு."

"இதோ கிளம்பிட்டேன்மா." நாற்காலி நகர்ந்தது, செருப்புச் சத்தம் கேட்டது. ஓட்டமும் நடையுமாகப் பேசினார். "முன்னெல்லாம் எங்க அஞ்சாறு பேர்ல யாரையாவது ஒருத்தரை அடிக்கடி கூப்பிட்டுருவீங்க. இப்ப கொஞ்ச மாசமா யாரையுமே கூப்பிடல. நல்லவேளை, யாருக்கும் தேவைப்படலன்னு சந்தோஷப்பட்டுக்கிட்டோம்மா."

தேவைப்பட்டிருந்தது. ஓ நெகட்டிவ் கேட்டு ஜன்னலுக்கு வெளியே நின்று கெஞ்சியவர்களிடம், "எங்ககிட்ட யாரும் இல்லைங்க" என்று அவளே தன் வாயால் சொல்லி அனுப்பியிருந்தாள். கணினியே சொல்கிறது என்று அவர்களும் நம்பிப் போனார்கள். யாருமே திரும்பி வந்து கேட்கவில்லை. ஏன் வரவில்லை என்று இவளுக்கு இன்றுவரை தோன்றியதுமில்லை.

"என்னம்மா, லைன்ல இருக்கியா?"

"இருக்கேண்ணே. வாங்க," என்றாள்.