பதினேழாவது கேள்வி

வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்பதுதான் அவள் வேலை. இந்த முறை புகைபிடிப்பதைப் பற்றி. நாட்டில் புகைப்பவர்களை நூற்றுக்கு ஐந்து பேராகக் குறைத்துவிடுவதென்று அரசாங்கம் ஓர் இலக்கு வைத்திருந்தது. அது ஜனங்களுக்குத் தெரியுமா என்று விசாரித்து எழுத வேண்டும். முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. "யாரைக் கேட்டு வெச்சாங்க?" என்று அவளிடமே சண்டைக்கு வந்தவர்களும் உண்டு.

இருபத்திரண்டு கேள்விகளும் மனப்பாடமாக வேண்டுமே! முதல் வாரம் சமையலறையில் நின்று உரக்கச் சொல்லிப் பழகினாள். கணவன் சன்னலோரம் ஊதிக்கொண்டே, "பரவாயில்லையே, பாஸாயிடுவே" என்றான். சிகரெட்டை விடும்படி அவனிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்து அவள் ஓய்ந்து நாலு வருஷமாகிறது. இப்போதெல்லாம் அவன் இருமினால் பயத்தில் பக்கத்து அறைக்குப் போய்விடுவாள்.

சொந்தத் தெருவில் கேட்கக் கூடாது என்பது ஆபீஸ் சட்டம். அந்தத் தெரு, உடன் வேலை செய்யும் கண்ணாடிக்கார அக்காவுக்குப் போனது. சாயங்காலம் இருவரும் படிவங்களை மாற்றிக்கொண்டு, நிரப்பாத கட்டம் இருக்கிறதா என்று பார்ப்பது வழக்கம். அன்று அக்கா, அவள் வீட்டுப் படிவத்தைத் தனியே எடுத்துவைக்க மறந்துவிட்டார்.

கதவு எண்ணைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. மூடிவைத்திருக்கலாம், மனசு கேட்கவில்லை.

தேசிய இலக்கு தெரியுமா? தெரியும். எந்த வருஷத்துக்குள் என்பதோடு சொல்லியிருந்தான். தெருவிலேயே சரியாகச் சொன்னவன் அவன் ஒருவன்தான். எப்படித் தெரியும்? 'மனைவி சொல்லக் கேட்டது.' அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு நாளைக்கு எத்தனை? பதினான்கு. பொய் சொல்லத் தெரியாத மனுஷன்.

பதினேழாவது கேள்வி: கடந்த ஓராண்டில் வீட்டில் யாராவது உங்களைப் புகைப்பதை விடச் சொன்னார்களா? இல்லை.

பதினெட்டு: சொன்னால் முயற்சி செய்வீர்களா? ஆம்.

"என்னம்மா, ஏதாவது கட்டம் காலியா இருக்கா?" என்றார் அக்கா.

"இல்லக்கா. எல்லாம் சரியா இருக்கு."

வீட்டில் அவன் சன்னலோரம் சிகரெட்டை எடுத்துத் தீப்பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தான். முந்நூறு வீட்டில் தடுமாறாதவள், சொந்த வீட்டில் தோள்பையைக்கூடக் கழற்றாமல் அவன் எதிரே போய் நின்றாள்.

"விட்டுடுங்களேன். எனக்கு பயமா இருக்கு."

அவன் அவளையே பார்த்தான். "இது எத்தனாவது கேள்வி?"

"கேள்வி இல்ல" என்றாள். அதற்குள் அழுகை வந்துவிட்டது.

அவன் சிகரெட்டைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தான். அன்றைக்குப் பதின்மூன்றோடு நின்றது.