முன் சீட்டு

குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகங்களில் வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்த்து மார்க் போடுவது என் வேலை. ஒப்பந்த வேலைதான். ஆனாலும் சாலைக் கம்போளச் சந்தையில் மூட்டை தூக்கும் அப்பா, "என் மவ கவர்மெண்டுக்கே மார்க் போடுறா" என்று கடைகடையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

இந்த முறை நான் போன அலுவலகம் எனக்குக் காட்டுவதற்காகத் தேர்ந்தெடுத்தது அவர்களுடைய ஆகச் சிறந்த கேஸை. போனக்காட்டு மலையில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் ஒரு வீடு. தாயில்லாத பெண் ஷாலு, பதிமூன்று வயது, சித்தி வீட்டில் வளர்கிறாள். முதுகில் சித்தப்பா அடித்த தழும்பைப் பார்த்துவிட்டு டீச்சர் புகார் கொடுத்திருந்தார். அதிலிருந்து மாதம் தவறாமல் போய்ப் பார்த்து வருகிறவள் அந்த அலுவலகத்து ரேஷ்மி. என்னைவிடப் பத்து வயது மூத்தவள். முகத்தில் எப்போதும் ஒரு சிரிப்பு.

மலையடியில் விதுராவில் நானும் ரேஷ்மியும் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஒரு ஜீப் வந்து நின்றது. டிரைவர் குதித்து இறங்கி முன் கதவைத் திறந்தார்.

"வாங்க மேடம். ரொம்ப நேரமாச்சா?"

"இல்ல சேட்டா, இப்பத்தான்" என்று ரேஷ்மி முன் சீட்டில் ஏறிக்கொண்டாள். நான் பின்னால், அரிசி மூட்டைக்குப் பக்கத்தில். வாடகை ஜீப் என்றுதான் நினைத்தேன். வழியெல்லாம் இருவரும் வீட்டு விசேஷம் மாதிரி பேசிக்கொண்டே வந்தார்கள்.

"ஷாலுவுக்கு ஹாஸ்டலுக்குப் போகணும்ங்கிற பிராந்து இப்பவும் உண்டா சேட்டா?"

"அதெல்லாம் மாறிப்போச்சு மேடம். நீங்க அன்னைக்கு சொன்னதுக்கு அப்புறம் நான் உக்கார வச்சு நல்லா பேசினேன்லா."

ரேஷ்மி என் பக்கம் திரும்பினாள். "பாத்தியா திவ்யா? குட்டியோட மட்டும் பேசிட்டு வந்தா போதாது. குடும்பத்தையும் கூட நிறுத்தணும். அதாக்கும் என் ரீதி."

லயத்தில் ஜீப் நின்றது. டிரைவர் அரிசி மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு நேராக ஷாலுவின் வீட்டுக்குள் போனார். சாவியைச் சுவரிலிருந்த ஆணியில் மாட்டினார். சட்டையைக் கழற்றினார்.

ரேஷ்மியின் கையைப் பிடித்து நிறுத்தினேன். "சேச்சி, இவரு யாரு?"

"ராஜையன் சேட்டன். ஷாலுவோட சித்தப்பா."

"அடிச்ச ஆளா?"

"மெல்லப் பேசு. அது பழைய கதை. ஆபீஸ்ல வண்டி கிடையாது, இங்க பஸ்ஸு வர்றதே அபூர்வம். பாவம், ஒரு பைசா வாங்கமாட்டார்."

சித்தி நூறு நாள் வேலைக்குப் போயிருந்தாள். ஷாலு சுவரோடு சுவராக நின்றாள். ராஜையன் முற்றத்தில் ஜீப்பைத் துடைக்கிற சத்தம் உள்ளே கேட்டது.

"மோளே, சுகம்தானே?"

"சுகம்."

"ஆராவது அடிக்குமா?"

"இல்ல."

ரேஷ்மி என்னைப் பார்த்துப் புன்னகைத்தாள். நான் பாத்ரூம் போகணும் என்று எழுந்தேன். ஷாலு வழிகாட்ட வந்தாள். வீட்டுக்குப் பின்னால், ஆள் அரவமில்லாத இடத்தில் நின்று, மலையாளத்தை விட்டுத் தமிழில் கேட்டேன்.

"நான் எதுக்கு வந்திருக்கேன்னு தெரியுமா?"

"தெரியாது. சித்தப்பா ஜீப்புல வந்தீங்க."

"உன்னப் பாக்கத்தான் வந்தேன் பிள்ள."

"அந்த அக்காவும் அப்படித்தான் சொன்னாங்க." அவள் குரலில் கோபம்கூட இல்லை. "என்னை ஹாஸ்டல்ல சேத்துவிடுங்கன்னு சொன்னேன். யாருகிட்டயும் சொல்லிராதீங்கன்னும் சொன்னேன். மலை எறங்குறதுக்கு முன்னால சித்தப்பாகிட்ட சொல்லிட்டாங்க."

சட்டைக் கையை மேலே ஏற்றிக் காட்டினாள். சூடு வைத்த தோசைத்திருப்பியின் வடிவம் அப்படியே தோலில் இருந்தது.

"இதுதான் அவர் உக்கார வச்சுப் பேசினதா?"

தலையாட்டினாள். "'நீ என்ன சொன்னாலும் மேடம் என் பக்கத்துல உக்காந்து எல்லாத்தையும் சொல்லிருவா'ன்னாரு."

நேராகப் போய் ரேஷ்மியைப் பின்பக்கம் இழுத்து வந்து அந்தக் கையைக் காட்டினேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ, நான் நல்லதுக்குத்தானே..."

"யாரோட நல்லதுக்கு?"

"பின்னே நான் எப்படி மேல வருவேன்? வண்டி கேட்டுக் கேட்டு என் நாக்கு தேஞ்சுபோச்சு. நீ சொல்லு, எப்படி வருவேன்?"

"அதுக்கு அந்த ஆளு வண்டியிலயா? வெக்கமா இல்ல? இவள இப்பவே கூட்டிட்டுப் போறோம். குழந்தைகள் நலக் கமிட்டி முன்னால நிறுத்துறோம்."

"எதுல கூட்டிட்டுப் போறது?"

"நடந்து" என்றேன்.

ஷாலுவிடம் புத்தகப் பையை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். முற்றத்தைத் தாண்டுவதற்குள் ராஜையன் குறுக்கே வந்தார். "என் பிள்ளைய எங்க கொண்டுபோறீங்க?"

"கையில சூடு இருக்கு. டாக்டர்கிட்ட" என்றாள் ரேஷ்மி.

"அவ்வளவுதானே? ஏறுங்க, நானே விடுறேன்."

நாங்கள் நடந்தோம். ஜீப் பின்னாலேயே ஊர்ந்து வந்தது. தேயிலைக்கு நடுவே வளைவுக்கு வளைவு அந்த எஞ்சின் சத்தம். ஒரு இடத்தில் எங்களை ஒட்டி நிறுத்தி, கையை நீட்டி முன் கதவைத் திறந்துவிட்டார்.

"மேடத்துக்கு நடந்து பழக்கம் கிடையாதே. ஏறுங்க."

ரேஷ்மியின் கை தானாகக் கதவைப் பிடித்தது. பழக்கம்தான், வேறொன்றுமில்லை. ஆனால் ஷாலு நின்றுவிட்டாள். பையைத் தோளிலிருந்து இறக்கித் தரையில் வைத்தாள். இனி வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான் என்பதுபோல்.

"சேச்சி!" என்று கத்தினேன். ரேஷ்மி சூடுபட்ட மாதிரி கையை எடுத்தாள். அப்புறம் அந்தக் கதவை அறைந்து சாத்தினாள். ஷாலுவின் பையை அவளே தூக்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

வனத்துறை செக்போஸ்ட் வந்த பிறகுதான் போனில் சிக்னல் வந்தது. ஜீப் கொஞ்சம் தள்ளி நின்றது. ரேஷ்மி தன் மேலதிகாரியைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். உடனே வண்டி வேண்டும் என்றாள்.

"குட்டியை அங்க விட்டுட்டு வராதே, அது சரி" என்றார் அவர். "ஆனா வண்டிக்கு நான் எங்க போவேன்? அந்த ராஜையன் ஜீப் அங்க இருக்குமே, அதுல வந்துடுங்க. நம்பர் எங்கிட்ட உண்டு. நான் வேணா போன்ல விளிச்சுப் பேசட்டுமா?"

ரேஷ்மி போனை வெறித்துப் பார்த்தாள். சொன்ன ஒரு வார்த்தைகூட அவர் காதில் ஏறவில்லையா, ஏறியும் இப்படித்தானா?

"ஆபீஸ்லயும் சித்தப்பா நம்பர் இருக்கா?" என்று ஷாலு கேட்டாள்.

நான் போலீஸுக்குப் போன் அடித்தேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு, வண்டி வருகிறது என்றார்கள்.

"யாரு வண்டி?"

மறுமுனையில் ஒருவர் சிரித்தார். "எந்த வண்டியா இருந்தா என்ன மோளே?"

"சிரிக்காதீங்க சார். யாரு வண்டி, யாரு ஓட்டுறாங்க, பேரு சொல்லுங்க."

சொன்னார். ஷாலுவுக்கு இரண்டு தடவை திருப்பிச் சொன்னேன். பெஞ்சில் உட்காரச் சொன்னோம், உட்காராமல் என் கையைப் பிடித்துக்கொண்டே நின்றாள். போலீஸ் வண்டி வந்து நின்று, ஓட்டி வந்தவரின் முகத்தைப் பார்த்த பிறகுதான் என் கையை விட்டாள்.