கிணற்றின் மேல் நாலாவது கால்

ஜான் பீட்டருக்குக் கடப்பாரை இல்லாமல் வேலை ஓடாது. பூம் பம்பு லாரி ஓட்டுகிறவனுக்குக் கடப்பாரை எதற்கு என்று கேலி செய்யாத கொத்தனார் காரைக்குடியில் இல்லை. அவன் கண்டுகொள்ள மாட்டான். லாரியின் நான்கு இரும்புக் கால்களும் எங்கெங்கே ஊன்றப் போகின்றனவோ, அங்கெல்லாம் தரையை ஓங்கிக் குத்திப் பார்ப்பான். ணங்கென்று கேட்டால் சரி. பிறகுதான் கால்களை விரித்து, அடியில் மரக்கட்டைகளை அடுக்கி, டயர் தரையில் படாமல் லாரியையே தூக்கி நிறுத்துவான். அப்படி நின்றால்தான் முதுகில் மடிந்து கிடக்கும் அந்த நீளக் கையை விரித்துக் கான்கிரீட்டை மாடிக்கு ஏற்ற முடியும்.

கை நீளும் பக்கத்துக் கால் அமுங்கினால் எல்லாம் சேர்ந்து சாயும். முதல் அடி விழுவது, கையின் நுனியில் தொங்கும் ரப்பர் குழாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஹோஸ்காரனுக்கு. பீட்டரின் ஹோஸ்காரன் வேறு யாருமில்லை, அவன் மனைவி அடைக்கலமேரியின் ஒரே தம்பி மரிய அந்தோணி.

அன்று செக்காலையில் தேனப்பன் கட்டுகிற கல்யாண மண்டபத்துக்கு முதல் தளம் போடுகிற நாள். பழைய வீட்டை இடித்துவிட்டுக் கட்டுகிறார். முன்பக்கம் ரோட்டோரமாக மின்கம்பி போகிறது, அங்கே கையை விரிக்க முடியாது. லாரி பின்பக்கம்தான் நிற்க வேண்டும். மூன்று இடங்களில் கடப்பாரை ணங்கென்றது. நாலாவது இடத்தில் சத்தமே இல்லை. முழங்கை ஆழத்துக்குச் சுலபமாக இறங்கிவிட்டது.

பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாய் தரையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, ஒரு முழம் கதம்பம் சுற்றியிருந்தார்கள்.

"இது என்ன மேஸ்திரி?" என்று கேட்டான்.

"மூச்சுக்கொழாய் தம்பி," என்றார் மேஸ்திரி ஆசைத்தம்பி. "இங்குட்டுத்தான் பழைய கெணறு இருந்துச்சு. கெணத்த மூடுனா அது மூச்சு விட ஒரு கொழாய் விடணும்ல. விடாட்டி குடும்பத்துக்கு ஆகாது. நாந்தான் கூட நின்னு வச்சேன். அத மட்டும் இடிச்சிராதீக."

"கெணத்துல என்னத்தப் போட்டு மூடுனீக?"

"இடிச்ச வீட்டு மண்ணு, செங்கல்லு, ஓடு, எல்லாந்தான்."

"தண்ணி விட்டு, கெட்டியாக்கி மூடுனீகளா?"

"அதுக்கு எங்க நேரம்? ஜேசிபி வந்துச்சு, தள்ளுச்சு, போச்சு."

கிணற்றின் மூச்சைப் பற்றி இவ்வளவு அக்கறை. அதன் மேல் நிற்கப் போகிறவன் மூச்சைப் பற்றி ஒருவருக்கும் ஒரு யோசனையும் இல்லை. பீட்டருக்குச் சிரிப்பதா, கடப்பாரையைத் தூக்கி எறிவதா என்று தெரியவில்லை.

பூஜைத் தட்டோடு தேனப்பன் வந்தார். நெற்றி நிறைய விபூதி. கெட்ட மனுசன் இல்லை. வேலைக்கு வருகிறவர்களுக்குச் சாப்பாடு போடாமல் அனுப்பமாட்டார்.

"என்ன தம்பி, நின்னுக்கிட்டே இருக்கீக? ராகுகாலத்துக்கு முன்ன ஆரம்பிச்சிரணும்ல?"

"ஐயா, ஒரு காலு கெணத்து மேல வருது. இன்னைக்கு வேணாம். கரண்ட் ஆபீஸ்ல எழுதிக் குடுத்து லைன நிப்பாட்டச் சொல்லுங்க, முன்பக்கமா நின்னு போட்டுத் தாரேன்."

"கலவை லாரியெல்லாம் கெளம்பி வந்துக்கிட்டு இருக்குப்பா. நாளைக்கு வரைக்கும் தாங்குமா அது? கல்லாப் போயிரும். ரெண்டு கட்டையக் கூடப் போட்டு நிறுத்துங்க."

"எத்தன கட்ட போட்டாலும், கட்டைக்குக் கீழ மண்ணு வேணும்ல ஐயா."

தேனப்பன் கோபப்படவில்லை. பம்பு முதலாளி பாண்டிமுருகனுக்குப் போன் போட்டு, போனைப் பீட்டரிடமே நீட்டினார்.

"டேய் பீட்டரு, பம்பு ஓட்டுறியா, பள்ளிக்கூடம் நடத்துறியா? எவன் வீட்டுலதான்டா கெணறு இல்ல? முடியாதுன்னா சாவிய அந்தோணிகிட்டக் குடுத்துட்டு எடத்தக் காலி பண்ணு. நம்ம இன்னொரு டிரைவரு ஆதித்தன், கோட்டையூர்ல சும்மாத்தான் கெடக்கான். இனிமே வண்டிப்பக்கமே வந்திராத."

பீட்டர் போனைத் திருப்பிக் கொடுத்தான். தானே ஓட்டினால் பார்த்துப் பதனமாக ஓட்டலாமே என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. ஆனால் கட்டடம் முழுவதும் அந்தக் கால் பக்கம்தான் இருக்கிறது. யார் ஓட்டினாலும் கை அங்கேதான் நீள வேண்டும். சாவியை எடுத்து அந்தோணியின் கையில் வைத்தான்.

"ஆதித்தன் வந்ததும் குடுத்துட்டு, வா மாப்ள போவோம்."

அந்தோணி நகரவில்லை. "ரெண்டு பேரும் வேலைய விட்டுட்டுப் போனா வீட்டுல அடுப்பு எரிய வேணாமா மச்சான்? நீங்க போங்க. ஆதித்தனும் நல்லா ஓட்டுறவன்தான்."

ஆதித்தன் பைக்கில் வந்து இறங்கினான். மூச்சுக்குழாயைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அது இடிபடாமல் பதவிசாக ஒதுங்கி, நாலாவது காலைக் கிணற்று மண்ணில் ஊன்றினான். "பக்குவமான பையன்," என்றார் ஆசைத்தம்பி.

பீட்டர் வீட்டுக்குப் போகவில்லை. அந்தக் காலுக்குப் பக்கத்தில் போய்க் குத்தவைத்துக்கொண்டான். நீளக் கை எழுந்து, விரிந்து, தளத்தின் மேலே போனது. அந்தோணி ஹோஸைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தளத்துக்குக் கட்டிய கம்பிகளின் மேல் நின்றான். கலவை ஏற ஏற லாரியின் கை குலுங்கியது. மரக்கட்டை ஒரு விரல் அளவு மண்ணுக்குள் போனது.

"எறங்குது! மாப்ள, கீழ வந்துரு!" என்று பீட்டர் கையை ஆட்டிக் கத்தினான். பம்பு இரைச்சலில் அது எங்கே கேட்கப் போகிறது? அந்தோணி இவன் கை ஆட்டுவதைப் பார்த்துத் தானும் சிரித்துக்கொண்டே கை ஆட்டினான். ஆதித்தன் வந்து பார்த்தான். லிவரை அழுத்திக் காலை இன்னும் கொஞ்சம் இறக்கி, லாரியை மட்டத்துக்குக் கொண்டுவந்தான். "அமுங்கத்தாண்ணே செய்யும்," என்றான். திரும்பவும் அமுங்கியது. திரும்பவும் அழுத்தினான்.

அப்போது ஒரு நொடி, முழுசாக இறங்கித் தொலையட்டும் என்று பீட்டரின் மனசு சொன்னது. யார் சொன்னது சரி என்று எல்லாரும் பார்க்கட்டும். மேலே நிற்பது யார் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. கழுத்துச் சிலுவையை இறுகப் பிடித்துக்கொண்டு, நான் பயந்தாங்கொள்ளியாகவே இருந்துவிட்டுப் போகிறேன், நீ நில்லு, நில்லு என்று அந்த இரும்புக் காலிடம் கெஞ்சினான்.

நின்றது. கடைசி லாரிக் கலவை ஏறும் வரைக்கும் நின்றது. பீட்டர் வாழ்க்கையில் பலித்த வேண்டுதல்கள் குறைவு. அவற்றில் இது ஒன்று.

தேனப்பன் எல்லாருக்கும் லட்டு கொடுத்தார். பீட்டருக்கும் ஒன்று கொடுத்தார். "பாத்தீகளா தம்பி, ஒன்னும் ஆகல," என்றார் அன்பாக. திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. ஆசைத்தம்பியும் ஒன்னும் ஆகல என்றார். முகமெல்லாம் சிமெண்டுப் பாலோடு இறங்கி வந்த அந்தோணியும் அதையே சொன்னான்.

"மாப்ள, இன்னும் ரெண்டு தளம் இருக்கு. மழை பேஞ்சு ஊறுனா இந்த மண்ணு தாங்காது. அடுத்த தடவ நீ வராத."

"இன்னைக்கும் இப்படித்தான மச்சான் சொன்னீக?"



ஆதித்தன் லாரியின் நீளக் கையை மடக்கி, இரும்புக் கால்களைத் தூக்கினான். கட்டையை எடுத்ததும் அடியில் ஒரு சாணுக்கு மேல் பள்ளம் தெரிந்தது. பீட்டருக்கு உயிர் வந்தது. "வந்து பாருங்க மேஸ்திரி! இப்பவாச்சும் பாருங்க!"

ஆசைத்தம்பி ஓடி வந்து பார்த்தார். பதறித்தான் போனார். பள்ளத்தைப் பார்த்தல்ல, மண் இழுத்ததில் மூச்சுக்குழாய் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அதை நிமிர்த்தி, பூவைச் சரிசெய்து கும்பிட்டார். பிறகு பள்ளத்தையும், மிதித்தால் உள்ளே போகும் சுற்றியிருந்த பொதுக்கு மண்ணையும் பார்த்தார்.

"மிச்சக் கலவை வீணாத்தான போகப் போகுது? இதுல கொட்டி இழுத்து விட்டுருவோம். அடுத்த தடவ வண்டி நிறுத்தச் சுகமா இருக்கும்."

"மூடாதீக மேஸ்திரி. கீழ பூராம் பொதுக்கு. மேல மூடிட்டா வாரவனுக்குத் தெரியாது," என்றான் பீட்டர். சட்டி சட்டியாகக் கலவையைச் சுமந்து வந்து கொட்டியது அந்தோணி. ஆசைத்தம்பி கைத்தேர்ச்சியோடு பூசி, கண்ணாடிபோல இழுத்துவிட்டார். ஆதித்தன் ஒரு குச்சியை எடுத்து ஈரத்தில் வட்டம் போட்டான், அடுத்த தளத்துக்கு நாலாவது கால் எங்கே என்று அடையாளம்.

பீட்டர் தன் கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். இனி அந்த இடத்தில் யார் வந்து குத்திப் பார்த்தாலும் ணங்கென்றுதான் கேட்கும்.