மொழிபெயர்ப்பு

கதிர்வீச்சுச் சிகிச்சையின் இரண்டாவது வாரத்தில் என் கணவர் சேயோனுக்கு ஜேர்மன் மொழி மறந்துவிட்டது. தமிழ் மட்டும் மிஞ்சியது. அன்றிலிருந்து மருத்துவருக்கும் அவருக்கும் இடையில் நான்தான் மொழிபெயர்க்கிறேன்.

"இது என்ன மாதம்?" என்று மருத்துவர் கேட்டார்.

"தை," என்றார் சேயோன்.

நான் மருத்துவரிடம் சரியான விடையாக "மே" என்றேன். மூளைக் கட்டி மோசமாவது தெரிந்தால் சிகிச்சையை நிறுத்திவிடுவார்கள் என்று பயம். நான் வேலை செய்யும் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் ஓர் அளவீட்டைக்கூட மாற்றி எழுதியதில்லை. இங்கே மூன்று வாரமாக அவருடைய பதில்களை மாற்றிக்கொண்டிருந்தேன்.

மருத்துவர் என்னைக் காட்டி, "இவர் யார்?" என்று கேட்டார்.

சேயோன் என்னைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தார்.

"அக்கா, என்ர மனிசி வெளியில நிக்கிறா. கூப்பிட்டு விடுங்கோ. அவ இல்லாமல் எனக்கு ஏலாது."

"என்ன சொல்கிறார்?"

மனைவி என்று சொன்னால் இன்னும் ஒரு வாரம் சிகிச்சை கிடைக்கும்.

"என்னை அவருக்குத் தெரியவில்லை," என்றேன். "இவ்வளவு நாளும் நான் பிழையாகச் சொன்னேன்."

மருத்துவர் எழுதுவதை நிறுத்தி, கதிர்வீச்சுப் பிரிவை அழைக்கத் தொலைபேசியை எடுத்தார்.

நான் வெளியே போய்க் கதவைச் சாத்தினேன். பிறகு திறந்துகொண்டு உள்ளே வந்தேன்.

"என்னப்பா, வந்திட்டன்."

சேயோன் எனக்குப் பின்னால், கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.