குளிர் இருக்கிற வரைக்கும்

மாமனார் படுத்திருந்த ஐஸ் பெட்டியின் கண்ணாடி மூடி தலைமாட்டிலிருந்து கால்மாடு வரைக்கும் சட்டென்று விரிசல் விட்டபோது, குடுவை லோகநாதனின் கையில்தான் இருந்தது. வேறு யார் மேலும் பழியைப் போட வழியில்லை.

பதினோரு மணிக்கே பீர்க்கன்கரணையில் கரண்ட் போய்விட்டது. மச்சான் ஜெயவேலுவின் துபாய் விமானம் நாளைக் காலையில்தான் வரும். அதுவரை உடம்பு தாங்க வேண்டும். பெட்டிக்காரர் கையை விரித்தார். ஐஸ் கட்டி தாம்பரத்திலிருந்து வர விளக்கு வைக்கிற நேரமாகும் என்றார். எல்லாரும் லோகநாதனைப் பார்த்தார்கள். குளிரைப் பற்றித்தானே இவன் இத்தனை வருஷமாகப் படிக்கிறான்?

அவனும் வீராப்பாக ஆட்டோ பிடித்துக் கிண்டி ஆய்வகத்துக்குப் போய், பத்து லிட்டர் திரவ நைட்ரஜன் குடுவையை மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தான். மூடியை லேசாகத் தூக்கி ஊற்றினான். வெள்ளைப் புகை தரையெல்லாம் தவழ்ந்தது. உட்கார்ந்திருந்த பெண்கள் காலை இழுத்துக்கொண்டார்கள். இரண்டு பேர் கும்பிடவும் செய்தார்கள். கொஞ்சம் கண்ணாடியில் சிந்தியது. அவ்வளவு குளிரைக் கண்ணாடி தாங்காது என்பது முதல் வருஷ மாணவனுக்கே தெரியும். லோகநாதன் ஏழாவது வருஷத்தில் இருந்தான்.

"போனா போவட்டும் மாப்ளே. அவருக்கு இனிமே வலிக்கவா போவுது?" என்றாள் மாமியார் கங்கையம்மாள். திட்டியிருந்தால் தேவலை.

குடுவையை மூலையில் வைத்துவிட்டுச் சுவரோரமாக நின்றான். அந்த வீட்டில் அவனுக்கென்று ஒதுங்க இடம் கிடையாது. கல்யாணமான புதிதில், படிப்பு முடிகிற வரைக்கும் என்று சொல்லி வந்த வீட்டோடு மாப்பிள்ளை. படிப்பு முடியவில்லை. அதற்குள் மாமனார் சுப்பராயலுவுக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. ரயில்வேயில் கார்டாக இருந்து ரிட்டயரானவர், ஆறடி ஆள். மனைவி சரசு பாடம் எடுக்கப் பள்ளிக்கூடம் போய்விடுவாள். புரட்டிப் போட, குளிப்பாட்ட, வெயிலில் உட்கார்த்தி வைக்க, வீட்டில் இருந்த ஒரே ஆம்பிளை லோகநாதன்தான்.

அப்படி வெயிலில் உட்கார்ந்திருந்த ஒரு நாள், குழறின பேச்சில், இன்னா மாப்ளே பண்றே அங்கே என்று கேட்டார். ஏழு வருஷத்தில் முதல்முறை. லோகநாதனும் சொன்னான். ஒரு ஊதா உப்பு. உள்ளே இரும்பு. அந்த இரும்பின் எலெக்ட்ரான்கள் ஜோடி ஜோடியாக அடங்கிக் கிடக்கிற வரை காந்தம் இழுக்காது. திரவ ஹீலியத்தில் குளிர வைத்துப் பச்சை வெளிச்சம் அடித்தால் ஜோடி பிரியும். நிறம் வெளுக்கும். காந்தம் இழுக்க ஆரம்பிக்கும்.

ஜோடி பிரிக்கிறதுக்கா கவர்மெண்ட்டு ஸ்காலர்ஷிப் குடுக்குது என்றாள் உள்ளேயிருந்து கங்கையம்மாள்.

மாமனார் சிரிக்கவில்லை. "வெளக்க அணச்சா?"

"அணச்சாலும் அப்படியேதான் நிக்கும் மாமா. பழையபடி திரும்ப ஒரு மேடு ஏறி இறங்கணும். அந்தக் குளிர்ல ஏறத் தெம்பு இருக்காது. கொஞ்சம் சூடு காட்டினா திரும்பிடும்."

"எம்மா நேரம் நிக்கும்?"

"குளிர் இருக்கற வரைக்கும்."

நல்ல கையால் முகவாயைத் தடவிக்கொண்டே யோசித்தார். "அப்ப அதுக்குப் புடிச்சி நிக்கல. வழியில்லாம நிக்குது. சிக்னல் வுழாம அவுட்டர்ல நிக்கிற வண்டி மாதிரி." அப்புறம் வெகுநேரம் அவனையே பார்த்தார்.

அந்தப் பார்வைக்கு ஒரு பதில் சொல்லியிருக்கலாம். ஜெர்மனியிலிருந்து கடிதம் வந்து அப்போது ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. இதே வேலை, இரண்டு வருஷம், சம்பளத்தோடு. இரண்டு மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். லோகநாதன் வழக்கம்போல ஒரு ஜோக் அடித்து, அவரைத் தூக்கி உள்ளே கொண்டுபோய்ப் படுக்க வைத்தான். கடிதத்தைத் தன் ஆய்வேட்டுக் காகிதங்களுக்கு நடுவே செருகி வைத்தான். அந்த வீட்டில் யாரும், சில மாதங்களில் அவனே கூட, புரட்டிப் பார்க்காத இடம் அதுதான். போகிறேன் என்றால் இவரை யார் தூக்குவது? போகவில்லை என்று எழுதவும் கை வரவில்லை. இரண்டு மாதமும் அப்படியே ஓடிவிட்டது. கெடு இந்த வெள்ளிக்கிழமை.

இன்றைக்குப் புதன். விடியற்காலையில் சரசு வந்து எழுப்பினாள். கட்டிலருகே கூட்டிப்போய், அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்தபடி, நாடி இல்லீங்க, என்றாள். அந்த நொடியில் லோகநாதனின் மனசில் முதலில் வந்தது மாமனாரின் முகம் இல்லை. வெள்ளிக்கிழமை. அழுகை அதற்கப்புறம்தான் வந்தது, நிஜமாகவே வந்தது. ஆனால் இரண்டாவதாக வந்தது.

காலையிலிருந்து அதைச் சுமந்துகொண்டுதான் ஆட்டோவில் போனான். உண்மையைச் சொன்னால், நைட்ரஜனை அவ்வளவு அவசரமாக ஊற்றினதும் அதனால்தான். எதையாவது செய்து ஈடு கட்டிவிட முடியாதா?

கொல்லைப்பக்கம் போனான். பக்கத்து வீட்டு புஷ்பம் அக்கா கொடுத்தனுப்பிய காபி குடித்த டம்ளர்களைச் சரசு குழாயடியில் கழுவிக்கொண்டிருந்தாள். வந்தவர்களில் யாரோ வாங்கிக் கழுவப் போனதற்கு, இருக்கட்டும், நானே பண்றேன் என்று சொல்லிவிட்டாளாம்.

அவன் பக்கத்தில் குந்தினான். கண்ணாடி விஷயத்தைச் சொல்லிச் சிரிக்க வைக்கலாமா என்று நினைத்தான். வாய் வரை வந்துவிட்டது. விழுங்கினான்.

"சரசு, ஒரு கடுதாசி வந்துருக்கு."

அவள் நிமிரவில்லை.

"வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். காலைல நீ வந்து எழுப்பினப்ப எனக்கு முதல்ல அதான் ஞாபகம் வந்துச்சு. உங்கப்பா போயிட்டாருங்கறது அப்புறம்தான். இப்படி ஒருத்தன் இருப்பானா?"

குழாயில் தண்ணீர் மெலிந்து நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. சரசு ஒரு டம்ளரின் உள்பக்கத்தை விரலால் சுற்றித் தேய்த்தாள். தேய்த்ததையே மறுபடி தேய்த்தாள்.

"இருப்பாங்க," என்றாள். "கடுதாசிய நான் போன மாசமே படிச்சிட்டேன். காலைல அப்பா கையைத் தொட்டேன், சில்லுனு இருந்துச்சு. எனக்கும் முதல்ல வெள்ளிக்கிழமைதாங்க தோணிச்சு."

டம்ளரை அலசி அவனிடம் நீட்டினாள். லோகநாதன் வாங்கி, வேட்டித் தலைப்பால் துடைத்துக் கவிழ்த்து வைத்தான். அவள் அடுத்ததை எடுத்தாள்.